காலை நிகழ்ச்சியில் பேட்டி, கையில் சொந்தப் பாடல்: திருகோணமலைப் பாடகி ஒருவருக்கு யோசனை தேவை

உப்புவெளிக் கிட்டார்:
வணக்கம். எங்கள் குழுவில் பாடும் தங்கை ஒருவர் தானே வரி எழுதி, தானே மெட்டமைத்துச் சில பாடல்கள் செய்திருக்கிறார். இந்தக் களத்தில் ‘நித்திலம்’ என்ற பெயரில் எப்போதாவது தலைகாட்டுபவர்தான். பின்னால் கம்பெனி இல்லை, தயாரிப்பாளர் இல்லை. உப்புவெளியில் என் வீட்டு அறையில், யன்னலுக்கு மெத்தையைச் சாத்திவிட்டு, நாய்களும் மீன் வண்டியும் ஓய்ந்த பிறகு பதிந்த பாடல்கள்.

இப்போது கொழும்பிலிருந்து இயங்கும் தமிழ்ப் பண்பலை வானொலி ஒன்று காலை நிகழ்ச்சிக்கு அவரைப் பேட்டிக்கு அழைத்திருக்கிறது. அரை மணி நேரம் என்கிறார்கள். விளம்பரம், செய்தி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் கழிந்து 12 நிமிடம் மிஞ்சினால் பெரிய காரியம் என்று முன்பு போய்வந்த ஒருவர் சொல்கிறார்.

எங்களுக்குள் இழுபறி இதுதான். அவருடைய பாடல்களில் ஒன்று கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவின் தாளத்தில் எழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். இன்னொன்று மூன்று நிமிடக் காதல் பாட்டு. யாருக்கும் பிடிக்கும், யாருக்கும் நினைவிருக்காது. எதைக் கொடுப்பது? தொலைபேசியில் பேசினாலும் போதும் என்கிறார்கள். நேரில் போவது நல்லதா? முக்கியமான கேள்வி: “ஒரு சினிமாப் பாட்டு இரண்டு வரி பாடுங்களேன்” என்று அறிவிப்பாளர் கேட்டால் என்ன செய்வது? கேட்பார்கள். கேட்காத பேட்டியை நான் இதுவரை கேட்டதில்லை.

மடத்தடி:
இந்தக் காலத்தில் வானொலியை யார் தம்பி கேட்கிறார்கள்? கொழும்பு போய்வரும் காசுக்குப் பேஸ்புக்கில் விளம்பரம் போடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்காவது கிடைக்கும்.

கிண்ணியாத் தையல்:
நான் கேட்கிறேன். காலை ஆறரைக்குத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் மதியச் சோறு வரை பக்கத்தில் வானொலிதான். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும்போது காணொளி பார்க்க முடியாது. பேக்கரியில் நிற்பவர், ஓட்டோ ஓட்டுபவர், மூதூர் பஸ்ஸின் சாரதி எல்லாரும் என்னைப் போலத்தான்.

யூடியூபில் நான் தேடினால்தான் பாட்டு வரும். பெயரே தெரியாத பிள்ளையை நான் எப்படித் தேடுவேன்? வானொலி கேட்காமலே கொண்டுவந்து தருகிறது. ஆனால் தங்கச்சி, ஒன்று. ஒரு பாட்டுப் பிடித்துப்போய், யார் பாடியது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் அறிவிப்பாளர் அதற்குள் போட்டிப் பரிசுக் கதைக்குப் போய்விடுகிறார். உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் இரண்டு தரமாவது காற்றில் வர வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

உவர்மலை ஓய்வு:
கொழும்பில் வானொலிக் கலையகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சினிமாப் பாட்டுக் கேள்வி. அதைக் கேட்கும் அறிவிப்பாளரை மட்டும் நோகாதீர்கள். அது நம் வானொலியின் இரத்தத்தில் ஊறியது. கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசம்பரில். யுத்த காலத்தில் நேசநாட்டுப் படைகள் நடத்திய வானொலி 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்தபோது, கூடவே கடல் கடந்து கேட்கும் சிற்றலைப் பரப்பியும் வந்தது. 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கி வைத்ததும், இந்தியா முழுவதும் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பியது. சினிமாப் பாட்டால் பெயர் எடுத்த நிலையத்தின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய பண்பலைகள். அவர்களுக்கு அதுதான் கைவந்த சரக்கு.

ஆனால் அதே வானொலி மெல்லிசை என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. இங்கேயே எழுதி, இங்கேயே மெட்டமைத்து, குரல் தேர்வில் தேறியவர்களைப் பாட வைத்தார்கள். 1967 இல் கூட்டுத்தாபனமான பிறகும் அது நடந்தது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள். பரமேஷ் தன் பாடல்களை இசைத்தட்டாகவே கொண்டுவந்தார். இலங்கையின் முதல் தமிழ் இசைத்தட்டு அது என்று சொல்வார்கள். அவர்கள் பாட்டு வானொலியிலும் ஒலித்தது. ஆக, சொந்தப் பாட்டோடு கலையகத்துக்குள் போகும் முதல் ஆள் நீங்கள் இல்லை, தங்கச்சி. கூசாமல் போங்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நேரிலேயே போங்கள். தொலைபேசிக் குரல் இறுகிக் கறுத்துக் கேட்கும். அந்தக் குரலில் பாடினால் பாடகி என்றே தோன்றாது, போட்டிக்கு அழைத்த நேயர் என்று தோன்றும். இரவு ரயிலில் ஏறினால் விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். முகம் கழுவி, இளஞ்சூட்டில் ஒரு தேநீர். குளிர்ந்தது எதுவும் வேண்டாம். கலையகத்தின் குளிரே தொண்டையைக் கட்டப் போதும். ஒரு சால்வையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில், பெரிய எழுத்தில், அறிவிப்பாளருக்கு வேண்டியதை எழுதிக் கொடுங்கள்: உங்கள் பெயர், ஊர், பாட்டின் பெயர், வரி யார், இசை யார், பாட்டில் குரல் எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது. இந்தக் கடைசித் தகவல்தான் மிக முக்கியம். முன்னிசை 18 விநாடி என்று தெரிந்தால் நல்ல அறிவிப்பாளர் 16 ஆவது விநாடியில் வாயை மூடிவிடுவார். தெரியாவிட்டால் உங்கள் முதல் வரியின் மேலேயே பேசிக்கொண்டிருப்பார்.

பேட்டியில் “சின்ன வயதிலிருந்தே இசையில் ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், அந்த இடத்தில் நேயர் பல் துலக்கப் போய்விடுகிறார். பாட்டு எங்கே பிறந்தது என்று சொல்லுங்கள். எந்தக் கரை, எந்த நேரம், யார் வலை. ஆளைப் பற்றிய பேட்டி மறந்துபோகும். பாட்டைப் பற்றிய பேட்டி முடியும்போது நேயருக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் போலிருக்கும்.

எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு எனக்கு ஐயமே இல்லை. அம்பாப் பாட்டு.

ஒலிப்பொறி:
ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஐந்து நிமிடப் பாட்டைக் காலை நிகழ்ச்சியில் யாரும் முழுதாகப் போடமாட்டார்கள். நீங்கள் சுருக்காவிட்டால் அவர்கள் வெட்டுவார்கள், அதுவும் எங்கே வெட்டக்கூடாதோ அங்கே. மூன்றரை நிமிடத்தில் வானொலிப் பதிப்பு ஒன்றை நீங்களே செய்யுங்கள். முன்னிசையைக் குறையுங்கள், சரணத்தில் கை வைக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே ‘வானொலிப் பதிப்பு’ என்று எழுதுங்கள்.

எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பாகக் கொடுங்கள். சத்தம் கூட்டிக் கூட்டி இறுக்கிய கலவையாகவும் இருக்கக் கூடாது. ஒலிபரப்புக்கு முன் எல்லாப் பாடலையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கும் கருவி நிலையத்தில் இருக்கிறது. ஏற்கனவே நசுங்கிய பாட்டை அது இன்னும் நசுக்கினால் கஞ்சிதான் மிஞ்சும். இன்னொன்று, பண்பலையில் 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் போவதில்லை. எனவே அந்தச் சலங்கையின் மினுமினுப்புக்காக இரவு முழுக்க மெனக்கெட வேண்டாம். கேட்பவரில் பாதிப் பேர் ஒற்றை ஒலிபெருக்கியில்தான் கேட்பார்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டுப் பாருங்கள். குரல் அமுங்குகிறதா, கிட்டார் காணாமல் போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

மடத்தடி:
ஒரு பாட்டுக்கு இவ்வளவு சீர்வரிசையா!

ஒலிப்பொறி:
அண்ணா, உங்களுக்கான பதிலும் இருக்கிறது. வானொலியில் கேட்டவர் அடுத்துப் போகும் இடம் உங்கள் பேஸ்புக்தான். பேட்டிக்கு முன்பே பாட்டு எல்லாத் தளங்களிலும் ஏறியிருக்க வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021 முதல் இலங்கையில் கிடைக்கிறது. விநியோகத் தளம் ஒன்றின் வழியாகப் பாட்டை ஏற்றினால் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற சர்வதேச அடையாளக் குறி கிடைக்கும், எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடம் கொண்டது. ஷசாம் போன்ற செயலியின் பட்டியலிலும் பாட்டுச் சேரும். அப்போது கடையில் வானொலி கேட்கும் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினால் பெயர் தானாக வரும். அறிவிப்பாளர் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை.

யூடியூபில் தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். காதால் கேட்ட பெயரை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் தட்டச்சுச் செய்வார்கள். பேட்டியில் மூன்று நான்கு முகவரிகளை ஒப்புவிக்க வேண்டாம், பஸ்ஸில் தொங்குபவர் எதை எழுதிக்கொள்வார்? “யூடியூபில் இந்தப் பெயரைத் தேடுங்கள்” என்ற ஒரே வரி போதும்.

காசு வரும் என்று மட்டும் கனவு காணாதீர்கள். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு சதமும் கிடையாது. 2024 முதல் அப்படித்தான்.

சட்டக்கோவை:
போகும் முன் ஒரு எச்சரிக்கை. இலங்கையில் பதிப்புரிமைக்கு எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டு உருவான கணத்திலேயே உரிமை படைத்தவருக்குச் சேரும். அவருடைய ஆயுளும் அதற்கு மேல் 70 ஆண்டுகளும் இருக்கும். ஒலிபரப்ப அனுமதிப்பதும் மறுப்பதும் அந்த உரிமைக்குள் அடக்கம்.

ஆனால் வரியும் மெட்டும் வேறு, பதிவு செய்த ஒலி வேறு. ஒலிப்பதிவு செய்தவர் நண்பர்தானே என்று விடாமல், யார் யாருக்கு என்ன பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கிட்டார் தம்பி கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலையகத்தில் ஏதாவது படிவம் நீட்டினால் வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ‘ஒலிபரப்ப’ என்றிருந்தால் சரி. ‘எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாக, எந்த வடிவிலும்’ என்றிருந்தால் அந்த வரியை வெட்டிவிட்டுக் கையெழுத்திடலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஸ்காபரோக் காற்று:
காலை எட்டு மணி என்றால் இங்கே கனடாவில் எங்களுக்கு முதல்நாள் இரவு பத்தரை. இணையத்தில் கேட்போம், நாளைச் சொல்லுங்கள். லண்டனில் இருப்பவர்கள்தான் பாவம், அவர்களுக்கு விடியற்காலை மூன்றரை.

நிலாவெளி தாண்டினால் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையக் கோபுரங்கள் நினைவிருக்கிறதா? 1980களில் வந்தவை. 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. நம் ஊர் மண்ணிலிருந்து ஆசியா முழுவதற்கும் யார் யாரோ பேசினார்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒன்று பேச இரவு ரயில் பிடித்துக் கொழும்பு போக வேண்டியிருக்கிறது.

மடத்தடி:
சரி, வானொலி வேண்டாம் என்ற பேச்சை விடுகிறேன். சினிமாப் பாட்டு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பாடக்கூடாது. ஓவியரைக் கண்காட்சிக்கு அழைத்து, சுவரில் நடிகர் படம் ஒன்று கீறிக் காட்டுங்கள் என்று யாராவது கேட்பார்களா? “நான் என் பாடலைப் பாட வந்திருக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வாருங்கள்.

உவர்மலை ஓய்வு:
நேரலையில் மறுப்பு எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது, மடத்தடி. முகம் தெரியாத இடத்தில் சிரிப்பும் தெரியாது, திமிர் மட்டும்தான் கேட்கும். பாடட்டும். ஆனால் வரிசையைத் தன் கையில் வைத்திருக்கட்டும். முதலில் தன் பாட்டு, பிறகு அவர்கள் கேட்டது. நிகழ்ச்சி தொடங்கும் முன், ஒலிவாங்கி அணைந்திருக்கும்போதே தயாரிப்பாளரிடம் இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

நித்திலம்:
எல்லாருக்கும் நன்றி. வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்பாப் பாட்டையே கொண்டு போகிறேன். வானொலிப் பதிப்பு 3 நிமிடம் 40 விநாடி. அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாம் சரணம் போய்விடும், அது என் அப்பப்பாவைப் பற்றியது. சட்டக்கோவை அக்கா சொன்ன தாளில் கிட்டார் அண்ணா கையெழுத்துப் போட்டுவிட்டார். கோபிக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான்.

உப்புவெளிக் கிட்டார்:
அது தொண்டை வலி.

உப்புவெளிக் கிட்டார்:
பேட்டி முடிந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன். நான் கலையகத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அறிவிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. தாளைக் கையில் வாங்கி, இரண்டு தரம் வாசித்து, பாட்டின் பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேட்டார். அதன் பிறகு தயாரிப்பாளர் ஓடிவந்து தேங்காய் எண்ணெய் விளம்பரத் தாளை அதற்கு மேலே வைத்தார். நம் தாள் பேட்டி முடியும்வரை அந்த எண்ணெய்க்கு அடியில்தான் கிடந்தது.

பேச்சு நன்றாகவே போனது. சின்ன வயதில் ஆர்வம் என்றெல்லாம் தங்கை தொடங்கவில்லை. “எங்கள் ஊரில் வலை இழுக்கும்போது ஒருவர் முன்னால் பாடுவார், மற்றவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டே ஏற்றுப் பாடுவார்கள். ஏற்றுப் பாடுவதற்கு ஆள் குறைந்தால் வலை கரைக்கு வராது” என்றார். அறிவிப்பாளர் அந்த இடத்தில் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியென்றால் நான் ஏற்றுப் பாடவா?” என்று கேட்டார். இவர் ஒரு வரி பாட, அவர் “ஏலேலோ” போட, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒலிக் கட்டுப்பாட்டாளரும் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார். அந்த அரை நிமிடத்துக்காகவே கொழும்பு போகலாம்.

பிறகு பாட்டை ஒலிக்க விட்டார்கள். இரண்டாம் சரணம் தொடங்கும் இடத்தில் செய்தி நேரம் வந்துவிட்டது. வெட்டு. செய்திக்குப் பிறகு மீதியைப் போடுவார்கள் என்று பார்த்தால், “நேயர்கள் ஆவலாக இருக்கிறார்கள், ஒரு சினிமாப் பாட்டு...” என்றார்.

தங்கை பாடினார். இரண்டு வரி இல்லை, ஒரு பல்லவி முழுவதும்.

மடத்தடி:
எனக்குத் தெரியும்.

ஸ்காபரோக் காற்று:
நான் கேட்டேன். அழகாகப் பாடினார். ஆனால் நிலையத்தின் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்தீர்களா? அந்த அரை நிமிட அம்பாவைக் காணோம். சினிமாப் பல்லவியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘திருகோணமலைக் குயில்’ என்று தலைப்பு. பெயர்கூட இல்லை! என் சித்தி அதை எனக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்தப் பிள்ளை யார் என்று தெரியுமா?” என்று கேட்கிறார்.

மடத்தடி:
இதைத்தான் சொன்னேன். அவர்கள் கேட்டதைக் கொடுத்தால் அவர்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரவு ரயிலில் போனது, தொண்டை கட்டாமல் காத்தது, சுருக்கிய பதிப்பு எல்லாம் எதற்கு? வேறொருவர் பாட்டுக்கு இலவசமாகக் குரல் கொடுக்கவா?

கிண்ணியாத் தையல்:
சத்தம் போடாதீர்கள், தம்பி. எனக்கு அந்த வலைப் பாட்டுத்தான் நினைவில் நிற்கிறது. எங்கள் பக்கத்திலும் கவி என்று ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்வது உண்டு. என் வாப்பா வயலில் சொல்வார். அதைக் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். சட்டை ஒன்று நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் போனது, பரவாயில்லை. பெயரை மட்டும் ஒரு தரம்தான் சொன்னார்கள். அது எனக்குக் குறைதான்.

நித்திலம்:
நானே பதில் சொல்கிறேன்.

பாடியதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். அதைப் பாடிப் பாடித்தான் மூச்சு விடப் பழகினேன். சினிமாப் பாட்டு என்றால் தீட்டு என்று நினைக்கும் ஆள் நான் இல்லை. தமிழ்த்தினப் போட்டிக்குப் பண்ணிசை, கோயிலில் தேவாரம், கலியாண வீட்டில் சினிமாப் பாட்டு என்று எல்லாம் பாடி வளர்ந்த தொண்டை இது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பேட்டி என்று அழைத்தது என் பாடலுக்காக. அழைப்பு மின்னஞ்சலில் ‘சுயாதீனக் கலைஞர்களை ஊக்குவிக்கும் முகமாக’ என்று எழுதியிருந்தார்கள். ஊக்குவிப்பது என்றால் முழுப் பாட்டையும் ஒரு தடவை ஒலிக்க விட வேண்டும். 3 நிமிடம் 40 விநாடி. அவர்கள் ஒலிபரப்புவது நாளுக்கு 24 மணி நேரம். போட்டிப் பரிசை அறிவிக்க அதைவிட அதிக நேரம் எடுத்தார்கள், கையில் கடிகாரத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

மடத்தடி அண்ணாவிடம் ஒரு கேள்வி. நான் மறுத்திருந்தால் அந்தப் பக்கத்தில் என்ன வந்திருக்கும்? அம்பா வந்திருக்குமா? ஒன்றுமே வந்திருக்காது. இப்போது ‘யார் இந்தப் பிள்ளை’ என்று கேட்கிறார்கள். அந்தக் காணொளியின் கீழே என் பாட்டின் இணைப்பை நானே பின்னூட்டமாகப் போட்டேன். நிலையம் அதை அழிக்கவில்லை. அதன் வழியாக வந்து கேட்டவர்கள்தான் நேற்று இரவு முழுக்க எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மடத்தடி:
தங்கச்சி, உங்கள் குரலைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிற எல்லாரும் இப்படி ஒத்துப்போனால் அடுத்துப் போகிறவரிடமும் அதையேதான் கேட்பார்கள். யாராவது ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லத்தான் வேண்டும்.

நித்திலம்:
யாராவது ஒருவர் சொல்லட்டும். முதல் பேட்டியிலேயே அதை நான்தான் சொல்ல வேண்டுமா?

உவர்மலை ஓய்வு:
இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிழை நடந்த இடம் வேறு. அந்தக் காலத்தில் ஒரு பாடல் ஒலிக்கும் முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்போம். அது மரியாதைக்காக மட்டும் செய்தது இல்லை, தொழில். பெயர் சொல்லாத அறிவிப்பு அரை அறிவிப்பு. இன்று திரையில் பெயர் ஓடும் என்ற நினைப்பில் வாயால் சொல்வதை விட்டுவிட்டார்கள். கிண்ணியாவில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எந்தத் திரை இருக்கிறது?

சட்டக்கோவை:
படிவம் ஏதும் நீட்டினார்களா?

உப்புவெளிக் கிட்டார்:
நீட்டினார்கள். ‘அனைத்து ஊடகங்களிலும்’ இருந்தது. அதை வெட்டலாமா என்று கேட்டோம். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, “பேட்டியின் பகுதிகளுக்கு மட்டும்” என்று கையாலேயே எழுதித் தந்தார். பாடலின் ஒலிப்பதிவு அதற்குள் வராது. இவ்வளவு எளிதாக முடியும் என்று நினைக்கவில்லை, அக்கா.

சல்லிக் கரை:
இவ்வளவு நேரமும் சும்மா வாசித்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கரைவலை. பாட்டு நல்லது. ஆனால் தாளம் ஒரே வேகத்தில் போகிறது. அம்பா அப்படிப் போகாது. வலை தூரத்தில் கிடக்கும்போது பாட்டு நீட்டி, ஆறுதலாக இருக்கும். மீன் சேரும் வலைப் பையான மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு இறுகிக்கொண்டே வரும். கடைசியில் வார்த்தையே இருக்காது, மூச்சும் கூப்பாடும்தான். மீன் துள்ளுவதைக் கண்டுவிட்டால் யார் வரி பாடிக்கொண்டிருப்பார்கள்? உங்கள் பாட்டில் மடி கரைக்கு வரவே இல்லை, தங்கச்சி. ஒரு நாள் விடியற்காலை எங்கள் சல்லிக் கரைக்கு வாருங்கள். தூரத்தில் நின்று படம் எடுக்காமல் கயிற்றில் கை வையுங்கள்.

நித்திலம்:
வருகிறேன் அண்ணா. கட்டாயம் வருகிறேன். கிட்டார் அண்ணாவின் கணினியில் தாளத்தைப் பூட்டித்தான் பதிந்தோம், அதுதான் காரணம். அப்பப்பா இருந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். இந்தப் பதிப்பு இப்படியே இருக்கட்டும். மேடையில் பாடும்போது நீங்கள் சொன்னபடி இறுக்கிப் பார்க்கிறேன்.

ஸ்காபரோக் காற்று:
பேட்டியைப் பற்றி இவ்வளவு பேர் எழுதியதில் உருப்படியான விமர்சனம் இதுதான். அறிவிப்பாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

கிண்ணியாத் தையல்:
இன்று நேயர் விருப்ப நேரத்தில் நிலையத்துக்கு அழைத்து அந்த வலைப் பாட்டைக் கேட்டேன். “அது எங்கள் தொகுப்பில் இல்லையே அம்மா” என்றார் ஒரு பையன். பேட்டி நாளில் போட்டீர்களே மகன் என்றேன். அது அறிவிப்பாளரின் மடிக்கணினியில் இருந்திருக்கும் என்கிறார். அப்படியும் நடக்குமா?

ஒலிப்பொறி:
நடக்கும், அக்கா. பேட்டிக்குக் கொடுத்த கோப்பு பெரும்பாலும் நிலையத்தின் பாடல் தொகுப்பில் சேராது. அதைச் சேர்ப்பவர் வேறு ஆள், இசைத் தொகுப்பாளர். அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். கிட்டார் தம்பி, யார் என்று தொலைபேசியில் கேட்டு, வேவ் கோப்பு, ஐ.எஸ்.ஆர்.சி. எண், இசையமைத்தவர் பெயர், ‘ஒலிபரப்ப அனுமதிக்கிறேன்’ என்று பாடகியின் இரண்டு வரி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொகுப்பில் ஏறிவிட்டால் யார் கேட்டாலும் போடுவார்கள். பேட்டி ஒரு நாள் கூத்து, தொகுப்பில் ஏறுவதுதான் வருமானமில்லாத இந்தத் தொழிலின் நிரந்தர வேலை.

உப்புவெளிக் கிட்டார்:
அனுப்பிவிட்டேன். பதில் வந்தது. “கிடைத்தது, நன்றி” என்று இரண்டே சொல்.

கிண்ணியாத் தையல்:
இன்று பத்தேகாலுக்குப் போட்டார்கள்! நான் கேட்கவில்லை, தம்பலகாமத்திலிருந்து யாரோ கேட்டிருக்கிறார்கள். பாடியவர் பெயரும் சொன்னார்கள், ஊரும் சொன்னார்கள். ஆனால் இரண்டாம் சரணத்தில் மறுபடியும் வெட்டிவிட்டார்கள். அப்பப்பாவின் பகுதி முழுதாக வரவில்லை.

ஒலிப்பொறி:
மூன்றரை நிமிடத்துக்கு மேல் எது வந்தாலும் தானாக மங்கவிடும்படி அவர்கள் கணினியில் அமைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பதிப்பை அனுப்பினீர்கள்? முன்னிசையில் இன்னும் பத்து விநாடி எடுக்கலாமே. குரல் தொடங்கும் முன் அலைச் சத்தம் வருகிறதே, அது தேவையா?

நித்திலம்:
அலைச் சத்தத்தை எடுத்துவிடலாம். சரணத்தைத் தொட வேண்டாம்.

உப்புவெளிக் கிட்டார்:
வெட்டிப் பார்த்தேன், 3 நிமிடம் 29 விநாடி. இன்றிரவு இசைத் தொகுப்பாளருக்குப் புதிய கோப்பை அனுப்புகிறேன். கிண்ணியா அக்கா, நாளை நேயர் விருப்ப நேரம் எத்தனை மணிக்கு?